நொய்யல் ஷெரீஃபின் சட்டைக் குஞ்சம்

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

நேற்று மத்தியானம் கடையில் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் போய் ஒன்பது மாதத்துக்குப் பிறகு. கேட்டதிலிருந்து நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் முதலில் சொல்வேன்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் லேத்தில் நின்று ஓய்வு பெற்ற என் மாமனார், அறுபத்தெட்டு வயதில் கௌபாய் ஆனார். காரமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மாதம் ஒரு ஞாயிறு, ஒரு சின்னக் குழு கூடும். காற்றழுத்தத் துப்பாக்கிகள்தான். இரும்புத் தட்டுகளை வரிசையாகச் சுட வேண்டும், ஒருவர் நேரம் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. நீங்கள் 'நொய்யல் ஷெரீஃப்'.

சுடுவதைப் போலவே உடுப்பும் அங்கே முக்கியம். பெரும்பாலானவர்கள் அழுக்கு நிறத்தில் மேய்ச்சல்காரர்களைப் போல வருவார்கள். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்த மலிவுக் குதிரைச் சண்டைப் படங்களின் கதாநாயகனைப் போல, நாள் முழுக்கச் சண்டை போட்டும் கசங்காத பளபளச் சட்டைதான் வேண்டும் என்றீர்கள். அந்தப் பிரிவுக்கு 'பி வெஸ்டர்ன்' என்று பெயர். தோளில் ஒரு நிறம், உடம்பில் ஒரு நிறம், பாக்கெட் ஓரத்தில் அம்புக்குறித் தையல், பிரஸ் பட்டன், கை நெடுகத் தொங்கும் குஞ்சம்.

"அம்மணி, நம்ம கடையில இது ஆகுமா?" என்று என் துடியலூர்த் தையல் கடைக்கே வந்து, ஒரு வாடிக்கையாளரைப் போல ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டீர்கள். பிளவுசும் சுடிதாரும் தைக்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதினோரு நாள் உட்கார்ந்து தைத்தேன். சிவப்பும் வெள்ளையும். குஞ்சம் நான்கு விரல் போதும் என்று நீங்கள் சொல்லியும், ஆடினால் அழகாக இருக்குமே என்று ஆறு விரலுக்கு விட்டேன்.

நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடிய ஞாயிறு, அத்தையும் நானும் தூரத்தில் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நீங்கள் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவினீர்கள். குஞ்சம் சுழன்றது. துப்பாக்கி மண்ணில் விழுந்தது. குண்டு போட்ட துப்பாக்கியைக் கீழே விட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அதுதான் விதி. எங்களுக்குப் பக்கத்தில் யாரோ, "குஞ்சம் மாட்டிருச்சாட்ட இருக்குது" என்றார்கள்.

 வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்து இரண்டு கையிலும் குஞ்சத்தை ஒட்ட வெட்டினேன். நீங்கள் வாசற்படியில் நின்று, "எதுக்கு அம்மணி வெட்டிப் போட்டே?" என்றீர்கள். என் மேலேயே எனக்கிருந்த கோபம், பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். மூன்று வாரத்தில், அடுத்த ஆட்டத்துக்கு முன்னாலேயே, மாரடைப்பில் நீங்களே இல்லை. கடைசி ஆட்டத்தை என் ஆறு விரல் குஞ்சம் கெடுத்தது என்று நான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம்கூட ஏன் கேட்கவில்லை நான்?

நேற்று ஈஸ்வரன் அண்ணன் வந்தார். உங்கள் குழுவில் உங்களோடு சுடுபவர். தனக்கும் உங்களுடையதைப் போல ஒரு சட்டை வேண்டுமாம்.

"தெச்சுத் தாரனுங்க. குஞ்சம் மட்டும் வைக்க மாட்டேனுங்க" என்றேன்.

"அட, குஞ்சமில்லாம என்னத்துக்கு அம்மணி அந்தச் சட்டை?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு செல்போனில் எதையோ வெகுநேரம் தேடினார். அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே நின்று அவர் எடுத்த வீடியோ.

மெதுவாக ஓட்டிக் காட்டினார். குஞ்சம் துப்பாக்கிக்கு ஒரு சாண் தள்ளித்தான் ஆடியது. நீங்கள் அந்த வாரம் வாங்கிய புதுத் தோல் கையுறைதான் பிடியில் வழுக்கியது. துப்பாக்கி விழுந்ததும் யாரோ, "குஞ்சம் மாட்டிருச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். அப்போது உங்கள் குரல்:

"இல்லீங்க இல்லீங்க, கையுறை வழுக்கிப் போச்சு. சட்டையக் கொற சொல்லிப்போடாதீங்க. எம் மருமவ தெச்சது."

இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கடைப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. உங்கள் வேஷத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் வெட்டினேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்களோ? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அத்தையிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு. 'அம்மணிக்கு ஏதோ வெசனம், கேட்டா அழுதுபோடும், அதுவாச் சொல்லட்டும்'னாரு. ரெண்டு நாள்ல மறந்தும் போயிட்டாரு. அடுத்த சட்டைக்கு மயில்கழுத்துக் கலரு நல்லாருக்குமான்னு எங்கிட்டத் தெனமும் கேட்டுட்டு இருந்தாரு."

மயில்கழுத்தா! என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா மாமா? நீங்கள் நான் சொல்லட்டும் என்று இருந்தீர்கள், நான் நீங்கள் திட்டட்டும் என்று இருந்தேன். நல்ல மாமனார், நல்ல மருமகள்.

ஈஸ்வரன் அண்ணனுக்கு அளவு எடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன்: இனி மனதில் ஒன்று உறுத்தினால், அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். நேற்றே தொடங்கியும் விட்டேன். ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடும் உங்கள் மகனிடம், என்மேல் என்ன கோபம் என்று நேராகவே கேட்டேன்.

பல்வலியாம். இன்று சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

நீங்கள் 'அம்மணி' என்று கூப்பிட்ட,
உங்கள் மருமகள்
சுகன்யா