வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்

1957 பிப். 4, திங்கள்

காலையில் பனி. மிளகாய் காயவில்லை, மறுபடி அள்ளி உள்ளே. அண்ணன் ஒருவழியாகச் சம்மதம். இலுப்பூரில் பெண்கள் கூடிப் பூத்தையல் போடும் குழு, திங்களும் வியாழனும், ஆரோக்கியம் டீச்சர் வீட்டில்.

"ஒரு மாசம் போய்ப் பாரு பார்வதி. சண்டைன்னு காதுல விழுந்துச்சு, நிப்பாட்டிருவேன்."

என் வாய் ஊரறிந்தது. வீட்டுக்காரர் செத்து நாலு வருஷம். வீட்டை விட்டுத் தனியாக இறங்கியது இன்றுதான்.

கொண்டுபோனவை: ஊசி 3, கத்தரி, நான் பூப் போட்ட அண்ணன் மகள் கவுன். ஆ. டீச்சர் வாங்கியதும் கவுனை உட்புறம் திருப்பினார். நூல் முடிச்சு தேடினாராம். இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க."

கவுனை மடித்துத் திருப்பித் தந்தார்.

பிப். 7, வியாழன்

குழுவில் செல்லம் என்ற பெண்ணுக்குச் சிவப்பு நூல். மற்ற நால்வருக்கும் பச்சை, மஞ்சள், ஊதா. எனக்கு வெள்ளைத் துணி, வெள்ளை நூல். குனிந்து என் சேலையைப் பார்த்துக்கொண்டேன். பொருத்தம்தான்.

இடமும் தனி. அவர்கள் ஐவரும் ஒரே பாயில். நான் ஜன்னலடியில் முக்காலியில்.

மதினி கேட்டாள், என்ன பூ போட்டாய் என்று. கண்ணுக்குத் தெரியாத பூ என்றேன். சிரித்தாள். எரிச்சல்.

பிப். 11, திங்கள்

வாங்க: புளி, சீரகம், 7ம் நம்பர் ஊசி.

இன்று எனக்கு மட்டும் செம்பில் தண்ணீர், சோப்பு. "ரெண்டு தரம் கழுவுங்க பார்வதி." வேறு யாரையும் கழுவச் சொல்லவில்லை. சிலுவை கும்பிடும் வேதக்காரர்கள், தாலி அறுத்தவளை ஒதுக்கமாட்டார்கள் என்றுதானே போனேன்? ஆனால் வாங்க போங்க என்று மரியாதை. காபியும் முதலில் எனக்கே. புரியவில்லை. கேட்டால் சண்டை.

பிப். 14, வியாழன்

கேட்டுவிட்டேன். கத்திவிட்டேன். துணியைத் தையல் வளையத்தோடு பாயில் போட்டு, "எனக்கும் செவப்பு நூல் குடுங்க. வெள்ளையக் கட்டிக்கிட்டிருக்கிறது போதாதா? தைக்கவும் வேணுமா?"

டீச்சர் முகம் சுண்டிப்போனது. சிவப்பு நூல்கண்டு ஒன்றை என் கையில் வைத்துவிட்டு வெள்ளைத் துணியைச் செல்லத்திடம் நீட்டினார். அவள் பதறிப்போனாள்.

"வேணாம் டீச்சர். பீடத்துணி, அழுக்குப் பட்டாப் போச்சு. அக்கா கை மாதிரி எனக்கு வராது."

பீடத்துணியா?

"எங்க கோயில்ல பூசைப் பீடத்துல விரிக்கிறது" என்றார் டீச்சர். "ரெண்டு வருசமாப் பெட்டியில கெடக்கு. வெள்ளையில வெள்ளை போட வெளிச்சமும் வேணும், கையும் வேணும். மொதல்லயே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும்." மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஜன்னல், சோப்பு, எல்லாம் அதற்குத்தானா. அதற்கு மட்டும்தானா. இன்னும் சந்தேகம். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. சிவப்பு நூலையும் விட மனமில்லை, மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பிப். 16, சனி

செல்லத்தின் அம்மா வந்து நான் கத்தியதை அண்ணனிடம் சொல்லியாயிற்று. "இனிமே போவேணாம்" என்றார் அண்ணன். உளுந்து ஊறப்போட மறந்தேன். அழுதேன்.

பிப். 18, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. மதியம் ஆ. டீச்சரே வந்தார், கையில் வெள்ளைத் துணி. அண்ணன் நாற்காலி போட்டார்.

"ஈஸ்டருக்குள்ள முடிக்கணுங்க. ஒங்க தங்கச்சிய அனுப்பி வைங்க."

"அது வாய் ஒங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியுமே" என்றார் டீச்சர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

இந்த வீட்டில் என்னை இப்படிக் கேட்டு எத்தனை நாள். வெள்ளையா சிவப்பா, கோபமா சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை. கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்து நீட்டினேன். டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். துணியைக் கொடுத்தார். சிவப்பு நூலைத் திருப்பிக் கேட்கவில்லை.