மூன்றாம் கோட்டுக்கும் நாலாம் கோட்டுக்கும் இடையில்

1955 பெப்ரவரி 3, வியாழன்

காலையில் தூறல். தறியில் பாவு முழுக்கப் பிசுபிசுப்பு, இழை பன்னிரண்டு தரம் அறுந்தது. சாயம் போட்ட நூல் காயவில்லை. மருதமுனை முழுக்க இதே பாடுதான்.

இவருடைய சேட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு தாள். சீனி சுற்றிய தாள், பென்சில் எழுத்து.

2 2 1 2 2 2 1

அதற்குக் கீழே இங்கிலீசு எழுத்துகள். ஸீ, டீ, ஈ, எஃப், ஜீ, ஏ, பீ, மறுபடி ஸீ. நானும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஏயில் தொடங்காமல் ஸீயில் ஏன் தொடங்க வேண்டும்? ஒளிக்கிற ஆள்தான் தலையை வெட்டி எழுதுவான்.

இது கரைக் கணக்கு, வேறென்ன? சாறன் கரையில் கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடை என்று வாப்பா இப்படித்தான் எழுதுவார். பெருநாளுக்குப் புதுக் கரை ஒன்று யோசிக்கிறார். மணலில் கோடு கீறுவார், யாராவது வந்தால் காலால் அழித்துவிடுவார். அதைத்தான் இவர் பார்த்து எழுதியிருக்கிறாரோ?

போன வருடம் எங்கள் கரை, எங்களுக்கு முந்தியே மேற்குத் தெரு இஸ்மாயில் லெப்பையின் சாறனில் வந்தது. வாப்பா ஒரு நெசவாளியை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார். இவர் சோறு தின்றுகொண்டிருந்தார், இவருக்கு முன்னால்தான் வாப்பா சொன்னார்: "இனிக் கணக்கு வெளிய போனா, மகள்ர மாப்பிள்ளையெண்டும் பாக்கமாட்டன்."

கலியாணம் முடித்துப் பதினொரு மாதம். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சேட்டைத் துவைக்கவில்லை.

பெப். 4, வெள்ளி

வெயில். தறி இல்லை.

இவர் கிணற்றடியில் குளிக்கிறார், வாய் முணுமுணு. வாழைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "முழுசு, முழுசு, அரை. முழுசு, முழுசு, முழுசு, அரை." நூல் கழியைத்தான் முழுசு, அரை என்று எண்ணுவது. யாருடைய நூலை எண்ணுகிறார்?

சோறு போடும்போது கையைப் பார்த்தேன். இடது கை விரல் நுனி நாலிலும் காய்ப்பு. இவர் தறியில் இருக்கிற ஆளில்லை. ஞாயிறும் புதனும் சைக்கிளில் கட்டுக் கட்டிக் கல்முனைக் கடைகளுக்குச் சாறன் கொண்டுபோகிறவர். காய்ப்பு எங்கிருந்து வந்தது?

"கையில என்ன மச்சான்?"

"சைக்கிள் புடிச்சுப் புடிச்சு."

சைக்கிளை ஒரு கையாலா பிடிக்கிறது? பொய்.

பெப். 6, ஞாயிறு

மா இடிக்க வந்த சுபைதா ராத்தா, அடுத்த வளவு. உலகத்துக் கதையெல்லாம் அவள் வாயில்தான்.

"ஏங்கா, உண்ட மாப்பிள்ளைக்கு பஸ் திருத்துற கறாச்சியில என்ன வேல? எண்ட மனிசன் ரெண்டு தரம் கண்டாராம். ஒரு பறங்கிப் பொடியனோட உள்ளுக்குள்ள இருந்தாராம், கதவச் சாத்திக்கிட்டு."

"சைக்கிள் திருத்தப் போயிருப்பார் ராத்தா."

"சைக்கிளுக்குக் கதவு சாத்துறயா?"

சிரித்து மழுப்பினேன். பறங்கிக்குச் சாறன் கரை எதற்கு? இஸ்மாயில் லெப்பையின் ஆளாகத்தான் இருக்கும். நேரே போனால் பிடிபடும் என்று ஒரு கை மாற்றி.

வாப்பாவிடம் சொன்னால் இவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் நானும் கள்ளி. அழுகை வந்தது. வறுத்த மாவைக் கிளற மறந்து கருகிவிட்டது, உம்மா ஏசினா.

பெப். 9, புதன்

யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோய் ஒரு முடிவு. நெய்தே பார்ப்பது. நெய்தால் வாப்பாவின் கையா, வேறு கையா என்று தெரியாமலா போகும்?

என் தறியில் பாவின் வால், ஒரு முழம் மிச்சம். நீல ஊடையில் சிவப்புக் கோடு. ஒன்றுக்குப் பத்து இழை என்று வைத்துக்கொண்டேன். கோடு, இருபது இழை, கோடு, இருபது, கோடு, பத்து... எட்டுக் கோடு வந்தது. அகலம், அகலம், நெருக்கம். அகலம், அகலம், அகலம், நெருக்கம்.

வாப்பாவின் கை இல்லை. வாப்பா இரண்டு பக்கமும் ஒத்து வரத்தான் போடுவார். இது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அசிங்கமென்றும் சொல்ல ஏலாது.

அப்படியென்றால் இது யாருடைய கணக்கு?

பெப். 10, வியாழன்

கேட்டுவிட்டேன். அஸர் தொழுகை நேரம், வாப்பா பள்ளிக்கு, உம்மா சாச்சி வீட்டுக்கு. நெய்த துண்டை இவருடைய மடியில் போட்டேன்.

"இத ஆருக்கு விக்கிறீங்க மச்சான்?"

பார்த்தார். முகம் வெளுத்தது. அப்புறம், என்ன சொல்ல, சிரிப்பு! எனக்குக் கொதி ஏறியது. எட்டுக் கோட்டிலும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் விரல் வைத்தார், வைக்க வைக்க மெதுவாய் ஒரு சத்தம் போட்டார். சத்தமும் ஏறிக்கொண்டே போனது. அகலத்துக்குப் பெரிய ஏற்றம், நெருக்கத்துக்குச் சின்ன ஏற்றம். எட்டாவதில் வந்து நின்றது, வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி.

"நான் கணக்கு விக்கல்ல புள்ள. கிற்றார் படிக்கிறன். ஆறு கம்பி போட்ட சாமான். கறாச்சில ஒரு பறங்கிப் பொடியன், வின்சன்ட், அவன்தான் பழக்குறான். இது ஸ்கேலாம், சுரம் ஏறுற படிக்கணக்கு."

நல்ல கட்டுக்கதை என்றேன். கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்றேன்.

"மாமி ஹறாமெண்டுவா, மாமா வெளிய போடாம்பார். அதுதான் சொல்லல்ல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இந்த வீட்டுல தறி மாமாட. வளவு உண்ட. கட்டில் உண்ட. இது ஒண்டுதான் எண்ட."

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு, ஆண் வந்து குடியிருப்பான். எல்லாரும் அப்படித்தான். இப்படி ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. பாவமாக இருந்தது. சந்தேகமும் முழுக்கப் போகவில்லை.

பெப். 13, ஞாயிறு

கிற்றாரைக் கொண்டுவந்துவிட்டார். சாறன் கட்டுக்கு நடுவில் சுற்றி, சைக்கிளில். வின்சன்ட் புதிதாய் ஒன்று வாங்கிவிட்டானாம், பழையதைச் சும்மா கொடுத்தானாம். சும்மா யார் கொடுப்பான்? ஏதோ பழுது இருக்கிறது.

ஒளித்த இடம்: நூல் கொட்டிலில் பெரிய பெட்டி. சாயம் பிடிக்காத நூல் போட்டு வைப்பது. யாரும் திறப்பதில்லை.

பெப். 14, திங்கள்

அஸர் நேரம் கொட்டிலில் பாடம்.

நான் சொன்னதுதான் சரி, பழுது! கழுத்தில் குறுக்கே பித்தளைப் படிகள். நூல் வைத்து அளந்தேன், ஒரு படியும் மற்றதும் ஒரே அளவில்லை. உடம்புப் பக்கம் வரவர நெருக்கம். "ஏமாத்திட்டான் உங்கள." இவர் இல்லை இல்லை என்கிறார், ஏனென்று கேட்டால் தெரியாது.

ஒரு கம்பியில் மட்டும் நான் கணக்குப்படி போனேன். இரண்டு படி, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டாம் படியில் வெறும் கம்பியின் அதே சத்தம், சின்னப்பிள்ளைக் குரலில். மயிர் சிலிர்த்தது.

கம்பி நீளத்துக்கு ஒரு நூல் வெட்டி, சரி பாதியாய் மடித்துப் பிடித்தேன். மடிப்பு பன்னிரண்டாம் படியில் வந்து நின்றது. ஒரு இழை பிசகில்லை. யா அல்லாஹ். இதைச் செய்தவன் கள்ளனில்லை, நெசவுக்காரன் மாதிரி ஒருத்தன்.

விரல் நுனி எரிகிறது. எனக்கும் காய்ப்பு வரும். யாராவது பார்த்தால்?

பெப். 16, புதன்

தகராறு. பெட்டியைத் திறந்தால் ஆறு கம்பியும் தொளதொளவென்று இறங்கிக் கிடக்கிறது. நேற்றும் இதே கதை. வின்சன்ட் சொன்னபடி கம்பிக்குக் கம்பி ஒப்பிட்டு இழுத்து வைக்கவே நேரம் போய்விட்டது.

நான்: "முறுக்காணி வழுக்குது. அதுதான் சும்மா தந்திருக்கான்."

இவர்: "வின்சன்ட்ட கையில இருக்கக்குள்ள வழுக்கல்லயே. நீ திறந்து என்னவும் செஞ்சியா?"

நானா! வாய்க்கு வந்ததைக் கேட்டேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடம் படித்தோம்.

உம்மாவாக இருக்குமோ?

பெப். 17, வியாழன்

வேலை: நூல் சுற்றியது, வாப்பாவின் பாவுக்கு முடிச்சு, கருவாடு காயப்போட்டது.

பெட்டி மூடிக்கும் காதுக்கும் சிவப்பு இழை ஒன்று கட்டினேன். திறந்தால் அறும். யாரென்று பார்ப்போம்.

பெப். 18, வெள்ளி

இழை அறவில்லை. கட்டினபடி முடிச்சோடு இருக்கிறது, வாப்பா பழக்கித் தந்த என் முடிச்சேதான். திறந்து பார்த்தால் கம்பி தொளதொள. ஆக, ஆள் இல்லை. சாமான்தான் கோளாறு. இவரிடம் சொன்னேன், "மன்னிச்சிக்க" என்றார். சரி.

இவருக்கு இன்றைக்கு ஒரு முட்டு. ஸீயில் தொடங்கினால் எல்லாம் சரி. ஜீயில் தொடங்கினால் ஏழாவது சுரம் நொண்டுகிறது. எழுத்தை மனப்பாடம் செய்து எழுத்தையே பிடித்துத் தொங்குகிறார்.

"எழுத்த விடுங்க மச்சான். கணக்க எண்ணுங்க."

எண்ணிக் காட்டினேன். ஏழாவது, எஃப்புக்கு ஒரு படி மேலே விழுந்தது, எழுத்தே இல்லாத இடத்தில். இவர் பிழை என்றார். காதுக்குச் சரி என்றேன். எந்தக் கோட்டில் தொடங்கினாலும் கரை அதே கரைதானே.

பெப். 20, ஞாயிறு

நல்ல வெயில். நீலத் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

இவர் கல்முனையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். ஏழாவது சுரம் நான் சொன்ன இடம்தானாம். அதற்கு ஷார்ப் என்று பெயராம். "இத ஆர் உனக்குச் சொன்ன?" என்று வின்சன்ட் கேட்டானாம். "எண்ட வீட்டுக்காரி" என்றாராம். அவன் நம்பவில்லையாம்.

எனக்குச் சந்தோஷம். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன். இந்தக் கொப்பியையும் ஒளிக்க வேண்டும்.

கொடியில் துண்டைக் காணோம். காற்று இல்லை. யார் எடுத்தது?

பெப். 22, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் வாப்பா என் தறிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் நீலத் துண்டு.

"இது ஆர்ர கணக்கு?"

"எண்ட, வாப்பா."

வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், நகத்தால் இடையை அளந்தார். "நல்லாரிக்கி மகள். நானும் ஒரு மாசமா மணலக் கீறுறன், ஒண்டும் வரல்ல. பெருநாளுக்கு இதயே போடுவம். ஒரு பிழதான். மூணாம் கோட்டுக்கும் நாலாம் கோட்டுக்கும் இடை நெருங்கிப் போச்சி, கடைசிலயும் அப்படித்தான். அத அகட்டி எல்லாத்தையும் ஒரே அளவாப் போடு."

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். என் வாய்!

"அகட்டினா பாட்டு போயிரும் வாப்பா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஊடை ஓட்டுகிற நாடா கையிலிருந்து விழுந்தது. இவர் வாசலில், நாளைக்குக் கொண்டுபோகிற சாறன் கட்டோடு நிற்கிறார், முகத்தில் இரத்தமில்லை. முடிந்தது, இன்றைக்கே இவருடைய பெட்டியைத் தூக்கி வெளியில் வைப்பார் என்று நினைத்தேன். போனால் நானும் கூடப் போவது என்றும் நினைத்தேன்.

வாப்பா துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்.

"மருமகன், நூல் பெட்டிக்குள்ள வெச்சிரிக்கிற சாமான்ர கம்பி ஆறும் அப்படியே இறுக்கினபடி கிடக்கு. தறில வேல முடிஞ்சா பாவுநூலத் தளத்தி வெக்கிறதில்லயா? அறுந்து போகாதா? எத்தின நாளைக்குத்தான் நானே வந்து தளத்துற?"