பாக்குவெட்டியில் கட்டிய கறுப்பு ஈ

அடியே,

பக்கத்து வீட்டில் சேவலைத் தீயில் வாட்டுகிறார்கள். இறகு கருகும் வாசனை வந்ததுமே நீ எதிரில் வந்து நின்றாய். நீ கண்மூடி ஆறு மாதமாகிறது. ஆவடிப் பக்கமெல்லாம் இப்போது பட்டாளக் கூடாரம், ஓயாத லாரிச் சத்தம். அப்போது பூந்தமல்லியில் அந்த ஒரே துரை வீடுதான் நமக்குப் பிழைப்பு. நீ பாத்திரம் தேய்ப்பாய். நான் அறைகளைப் பெருக்கித் துடைப்பேன்.

ஒருநாள், துரை நாளை ஊட்டிக்கு மீன் பிடிக்கப் போகிறார், சாமான்களைத் துடைத்து வை என்றார் சமையற்காரர். தகரப் பெட்டியைத் திறந்தால் தூண்டில் முள் ஒவ்வொன்றிலும் செத்த கறுப்பு ஈ! வெள்ளைக்காரன் சுத்தம் இவ்வளவுதானா என்று திட்டிக்கொண்டே சுரண்டி எறிந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியும் வைத்தேன். என்ன கெட்டிக்காரி நான்!

சமையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவை ஈயே இல்லையாம். மலை ஆற்றில் டிரவுட் மீனை ஏமாற்ற இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயாம். விளக்குக் கண்ணாடியை உடைத்ததற்கே ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பியவர் அந்தத் துரை. என் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்தார். என் கூலியில்தான் உலை கொதித்தது.

நீ மட்டும் சிரித்தாய். "இன்னாத்துக்கு அழுதுகினு கீற? ஒண்ணாவது மிச்சம் கீதா பாரு."

பெட்டி மூலையில் ஒன்று இருந்தது. அதை மெல்லப் பிரித்துப் பார்த்தாய். வீட்டுக்கு ஓடிப்போய், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கருஞ்சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாய். ஐயோ, சாமி சேவலாச்சே என்று பதறினேன். "கழுத்துல நாலு எறகுதானே? அம்மா கோச்சுக்க மாட்டா."

பாக்குவெட்டி வாயில் முள்ளை இறுக்கினாய். கறுப்பு நூலை மெழுகில் இழுத்து நெருக்கமாகச் சுற்றினாய். தலைப்பக்கம் இறகை வளைத்து இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அவ்வளவுதான், சிலிர்த்துக்கொண்டு ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அந்த மீனைக் கண்ணால்கூடப் பார்த்திராத கை, அம்மாடி! விளக்கு வைப்பதற்குள் அத்தனையையும் கட்டிவிட்டாய்.

சத்தமில்லாமல் பெட்டியில் வைத்துவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "அம்மாந்தொல மலையேறிப் போயி, மீன் கடிக்கலன்னா? அந்த மனுசன் பாவம்டி. சொல்லிட்டுத்தான் குடுக்கணும்."

சரி, நானே சொல்கிறேன் என்றுதான் வந்தேன். துரையைக் கண்டதும் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். நீ பெட்டியை நீட்டினாய். "நாந்தான் தொர தேச்சுட்டேன். நானே கட்டியும் கொண்டாந்துக்கீறேன்."

துரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, உன்னை நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார். நான் வாய் திறக்கவில்லை.

வழியெல்லாம் அழுதேன். "உடு. உன் ஊட்ல ஆறு வாயி. என் ஊட்ல நானும் கோழியுந்தானே" என்றாய். துரை திரும்பியதும், அந்த ஈக்களில்தான் மீன் நிறையக் கடித்ததாம் என்று உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். "நெஜமாவா!" என்று குதித்தாயே, அந்த மனசு யாருக்கு வரும்? எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. உன்னோடு பழகினேன் என்பதில் பெருமையாகவும் இருக்கிறது.

முந்தாநாள் மருமகள் கைதவறிக் கல்சட்டியைப் போட்டு உடைத்துவிட்டாள். யார் உடைத்தது என்று என் மகன் கத்திக்கொண்டு வந்தான். அவள் என் பின்னால் ஒதுங்கினாள்.

"நாந்தாண்டா" என்றேன்.