அத்தை காய்ச்சிய இலைக் கஷாயம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பு சுகமாக இருக்கட்டும், அங்கே நீ சுகம் என்று தெரிந்தால்தான் இங்கே எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. அப்பா இப்போது பரவாயில்லை, பயப்படாமல் முழுக்கப் படி.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள், கண்ணாடித் தட்டில் வளர்த்த நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றுவிட்டது என்று போனில் சொன்னாய் அல்லவா, அன்று முதல், அதே நோயோடு போராடும் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரர், மாடி வீட்டுத் தையல்காரர் எல்லோரிடமும் "என் பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிருக்கா" என்று ஒரே பெருமை. அவர் இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான், முகம் மலர்வது மட்டும் உன் பேச்சுக்கு. எனக்கு வயிறு எரிந்தது, பெற்ற மகளிடம் மறைப்பானேன்.

அதற்கு மேல் உன் அத்தை. அதே இலையைத் தேடிப்பிடித்துக் காய்ச்சித் தினமும் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். நான் நீட்டும் மாத்திரைக்கு முகம் சுளிக்கிற மனுஷர், அந்தக் கசப்பை மடமடவென்று குடித்துவிட்டு "என் தங்கச்சி கைராசி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். அவரைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, அவளை மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரல் கெட ஆரம்பித்திருந்தது. "தட்டுல செல்லு சாகறது வேற, மனுஷ உடம்பு வேறம்மா. இந்த ஊசியோட அந்தக் கஷாயமும் சேர்ந்தா ஈரல் தாங்காது, நல்லவேளை சொன்னீங்க" என்றார். ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். கஷாயம் நின்றதும் ஈரல் தேறி, இப்போதுதான் மறுபடி ஊசி ஆரம்பித்திருக்கிறது.

உன் அத்தை நம் சமையலறையில் நின்று "அண்ணனுக்கு நானே விஷம் வெச்சிட்டேனா அண்ணி" என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன், பார்க்க முடியவில்லை, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். உன் அப்பாதான் இன்னும் கஷாயத்தைக் கேட்டு அவளை நச்சரிக்கிறார். நான் தடுத்தால் "உனக்குப் பொறாமை" என்கிறார், டாக்டரம்மா சொன்னதும் ஏறவில்லை, "என் பொண்ணு சொல்லட்டும், விட்டுடறேன்" என்கிறார். அதனால் நீயே சொல்லு. உன் மருந்து இன்னும் தட்டைத் தாண்டவில்லை, ஊசியும் மாத்திரையும்தான் வேண்டும் என்று உன் வாயால் சொல்லு. நான் நூறு தடவை சொல்லியும் பலிக்காதது நீ ஒரு தடவை சொன்னதும் பலிக்கும், அதற்கும் எனக்கு எரியத்தான் போகிறது. எரிந்தால் எரியட்டும், அவர் இருந்தால் போதும்.

உன் கைபட்ட வேலை துலங்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பேச்சு முழுவதையும் அவரிடமே பேசித் தீர்த்துவிடாதே, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

ஆசிகளுடன்,
உன் அம்மா