சதுப்பின் மேல் ஒரு குதிரைக்காரன்

ஹேகில் பண்ணை, யார்க்‌ஷயர்
6 மே 1968

அன்புள்ள ரோலண்ட் அண்ணாவுக்கு,

மேவிஸ் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் வில்ஃபும் சுகம். கிறிஸ்துமஸுக்கு நாலு வரி எழுதியதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதா? கனடாவில் காகிதப் பஞ்சமோ?

இங்கே ஒரே அமளி. நம் மேய்ச்சல் நிலத்தில் சினிமா எடுக்கிறார்கள். கௌபாய் படம்தான், ஆனால் கதை நம் ஊரில் நடக்கிறது. மாட்டுப் பண்ணை முதலாளிக்குப் பதில் கம்பளி ஆலை முதலாளி. ஷெரீஃபுக்குப் பதில் தலையில் உயரத் தொப்பி வைத்த கான்ஸ்டபிள். போரிலிருந்து திரும்பிய ஒருவன் துப்பாக்கியோடு தனியாக ஊருக்குள் வருகிறான். வில்ஃப் வேலியில் சாய்ந்துகொண்டு, "சுட்டுப்புட்டு மன்னிச்சுக்குங்கன்னு சொல்ற கௌபாய இன்னைக்குத்தான்யா பாக்குறேன்! அடுத்து டீ கேப்பான் பாரு" என்றார். சொன்னபடியே அவன் டீ கேட்டான்.

சிரிக்கத்தான் எழுத ஆரம்பித்தேன். விஷயம் வேறு.

ஞாயிறு பிற்பகல் எடுத்த துண்டுகளை ஊர்க் கூடத்தில் திரை கட்டி ஓட்டிக் காட்டினார்கள். முதலாளியின் அடியாட்கள் ஆறு பேர் குன்றிலிருந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு வெகு தூரம் பின்னால், கருஞ்சதுப்பின் நடுவில், ஏழாவதாக ஒருவன் குதிரையில் வருகிறான். இயக்குநர் செஃப்டன் எழுந்தே விட்டார். "யாருய்யா அவன்? என்னமா உக்காந்திருக்கான்! அவனுக்கு இன்னும் ரெண்டு நாள் வேலை குடுங்க" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. இடது தோளைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயதில் காரை எலும்பு முறிந்ததிலிருந்து நம் கிளெம் சின்னண்ணன் அப்படித்தான் உட்காருவான். பத்தொன்பது வருஷம், அண்ணா. சொல்லாமல் ரயிலேறிப் போனவன் திரும்பி வந்திருக்கிறான். வீட்டுக்கு வர வெட்கமாக இருக்கும். கண்டுபிடித்து இழுத்து வருகிறேன்.

அன்புத் தங்கை,
மேவிஸ்

*

ஆல்பர்ட்டா
16 மே 1968

அன்பு மேவிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கன்று போடும் காலம், மூச்சுவிட நேரமில்லை.

நீ பார்த்தது சினிமாக்காரர்களின் ஆள் எவனாவது இருக்கும். தோள் சாய்ந்தவன் உலகத்தில் ஒருவன்தானா? கிளெம் அங்கே இருக்க முடியாது. சதுப்பின் பக்கம் போகாதே. வில்ஃபையும் போக விடாதே. படக்காரர்கள் போகும்வரை உன் வேலையைப் பார்.

அந்தக் குதிரை சாம்பல் நிறமா? உடனே எழுது.

ரோலண்ட்

*

ஹேகில் பண்ணை
27 மே 1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

அதே துண்டை இரண்டாம் முறையும் ஓட்டினார்கள். இப்போது அவன் இன்னும் அருகில் இருக்கிறான். முதல்முறை கட்டைவிரல் நகத்தளவு, இம்முறை உள்ளங்கையளவு. அடியாட்கள் ஆறு பேரும் சத்தியம் செய்கிறார்கள், தங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லையாம். அவர்களில் ஒருவன் சம்பளத்தைக்கூட வாங்காமல் லண்டனுக்குப் போய்விட்டான்.

நேற்றுக் காலை வெயிலில் தனியாகச் சதுப்பின் ஓரம்வரை போனேன். கோபிக்காதீர்கள். அந்தச் சேற்றில் ஆட்டுக்குட்டி கால் வைத்தாலே போயிற்று என்று உங்களுக்குத் தெரியாதா? அவன் அதன் மேல் தார்ச்சாலையில் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தான். குளம்புச் சத்தம் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. "சின்னண்ணா!" என்று கூப்பிட்டேன். குதிரை நின்றது. அவன் திரும்பவில்லை. என் குரலைக் கேட்டு யோசிப்பவன்போல இருந்தான். பிறகு பனிமூட்டம் இறங்கிவிட்டது.

ஆமாம், அண்ணா, சாம்பல் நிறப் பெண்குதிரை.

நான் குதிரையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லையே. கிளெம் தன் சாம்பல் குதிரையைச் சந்தையில் விற்றுவிட்டு ரயிலேறினான் என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தான். விற்ற குதிரையைப் பற்றி ஏன் கேட்டீர்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
மேவிஸ்

*

ஆல்பர்ட்டா
6 ஜூன் 1968

மேவிஸ்,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கிளெம் ரயிலேறவில்லை. இந்தப் பண்ணை வேலைக்கான கடிதம் அவனுக்குத்தான் வந்தது; அதை என்னிடம் மட்டும் சொன்னான். எனக்கு ஒரு வரி வரவில்லை. அப்பாவின் நிலமும் அவன் பேரில்தான் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவன் கிளம்பும் நாளில் வழியனுப்ப நானும் கூடப் போனேன். பனிமூட்டம். பழைய சுண்ணாம்புச் சூளைக்கு நேர் கீழே அவன் குதிரை சேற்றில் இறங்கிவிட்டது.

"கயிறப் போடுடா ரோலண்டு" என்றான். அவன் பயப்படவில்லை. சிரித்தான்கூட. நான் போட்டுவிடுவேன் என்று நம்பினான். கயிறு என் சேணத்தில்தான் இருந்தது. நான் நின்றேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, மேவிஸ். கை எழவில்லை. பிறகு போட்டாலும் பிடிக்க அவன் மேலே இல்லை.

அவன் கடிதத்தைக் கொண்டு நான் இங்கே வந்தேன்.

அவன் என்னை நோக்கித்தான் வருகிறான் என்று உனக்குத் தோன்றுகிறதா? நீ அவனிடம் பேசாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணன்

*

ஹேகில் பண்ணை
1 ஜூலை 1968

ரோலண்டுக்கு,

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. இடத்தை மட்டும் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். ஒன்பது பேர் பலகை போட்டு இரண்டு நாள் தோண்டினார்கள்.

சதுப்பு அவன் உடலை அழுகவிடவில்லை. தோல் தேயிலை நிறமாகியிருந்தது, அவ்வளவுதான். கன்னத்தில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்ட கீறல்கூட இருந்தது. இருபத்து நான்கு வயது. நரைத்த தலையோடு நான் பக்கத்தில் நின்றதைப் பார்த்து, புதிதாக வந்த பாதிரியார் மெதுவாக, "உங்க மகனாம்மா?" என்று கேட்டார். வில்ஃப் அழுததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். படக்காரர்கள் எல்லோரும், துப்பாக்கி பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேஷத்தோடே வந்து நின்றார்கள். செஃப்டன் அந்தப் படச்சுருளைக் கான்ஸ்டபிளுக்காக மறுபடி ஓட்டினார். ஆறு பேர் குன்றிலிருந்து இறங்குகிறார்கள். சதுப்பு காலியாக இருக்கிறது. மனுஷன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் விளக்கைப் போட்டார்.

அடக்கம் முடிந்து, உச்சி வெயிலில் வீடு திரும்பினேன். கேட்டுக்கு வெளியே சின்னண்ணனின் குதிரை நின்றது. அதன் மேலிருந்தும் அவனிடமிருந்தும் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண் நனையவில்லை. எனக்குப் பயமே வரவில்லை. அவன் தொப்பியைத் தூக்கி, பழைய குரலிலேயே, "ரோலண்டு எங்கடி இருக்கான், மேவிஸ்?" என்று கேட்டான்.

ஊர் பேர், பண்ணையின் பேர், ஆற்றைத் தாண்டி இரண்டாவது கேட் என்று எல்லாம் சொன்னேன்.

மேவிஸ்