அது கிராமம் இல்லை, தாம்பரம் வண்டியின் லேடீஸ் பெட்டி

என் அருமை ஸ்டெல்லாக்கா,

நீ வரைந்த படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு வந்து இத்தனை நாளாகியும் கோபம் அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்பாய். ஒருத்தர்மேல் என்றால் சுலபமாகச் சொல்லிவிடுவேன். பெரிய பட்டியல் அது. அதில் நானும் இருக்கிறேன், நீயும் கொஞ்சம் இருக்கிறாய்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நீ கண்ணை மூடினாய். பிள்ளைகள் இல்லாத வீடு, நீயும் இல்லை என்றதும் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கடப்பேரி வீட்டைக் காலி செய்துகொண்டு கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார். அது அவர் இஷ்டம். ஆனால் பரண்மேல் நீ கட்டிவைத்திருந்த படங்களையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கரையான் அரிச்சிடுச்சும்மா பியூலா. எடுத்தா கையில உதிருது" என்றார். உதிர்ந்தால் உதிரட்டுமே, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? இரும்புலியூரிலிருந்து கடப்பேரி என்ன கடல் கடந்தா இருக்கிறது? அதன் பிறகு இரண்டு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அப்புறம் ஒருநாள் கேஸ் கனெக்‌ஷனைப் புது விலாசத்துக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தார். அதற்குள் மடித்து வைத்த ஒரு தாள். காஞ்சிபுரத்து ஓவியக்கூடம் உனக்குக் கொடுத்த ரசீதுக் கடிதம். 'லேடீஸ் பெட்டி, நீர்வண்ண ஓவியம், ஒன்று, நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்.'

அந்தப் படத்தை அங்கே மாட்டிய அன்று நீ என்னைக் கூப்பிட்டாய். "சின்ன இடம்தான்டி. நம்ம மாவட்டத்து ஆளுங்க வரைஞ்சதை மாட்டறாங்களாம். நீ வந்தா நல்லா இருக்கும்" என்றாய். பள்ளிக்கூட ஆபீசில் அட்மிஷன் நேரம், அசைய முடியாது என்று சொன்னேன். அட்மிஷன் முடிந்து எத்தனை சனிக்கிழமை வந்தது, எத்தனை சனிக்கிழமை போனது. நீயும் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இரண்டாம் தடவை கேட்டிருந்தால் வந்திருப்பேனே. இப்படிச் சொல்வது எனக்கே அசிங்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை திருமால்பூர் வண்டியைப் பிடித்தேன். செங்கல்பட்டில் வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டான். காஞ்சிபுரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பட்டுப்புடவை வாங்க வந்த ஒரு கல்யாணக் கோஷ்டியோடு நெருக்கி உட்கார்ந்து போனேன். ஆட்டோக்காரருக்கு எல்லாக் கோயிலும் தெரிந்திருந்தது, எல்லாப் பட்டுக்கடையும் தெரிந்திருந்தது. ஓவியக்கூடம் மட்டும் தெரியவில்லை. நாலு பேரைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வாசலில் கற்பகம் என்ற அம்மா ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டுவது, பூட்டுவது, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர்தான். "ஒண்டியாவா வந்தீங்க? இஸ்கூல் பசங்கதான் வருவாங்க, அதுவும் மிஸ்ஸு திட்டினாதான் உள்ள வருவாங்க" என்றார்.

பெரிய அறை ஒன்று, சின்ன அறை இரண்டு. கோயில் கோபுரம், யானை, தறி, மறுபடி கோபுரம். இரண்டு சுற்று சுற்றினேன். உன் படம் இல்லை. தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். கை கழுவலாம் என்று பின்பக்கம் போனபோதுதான், கழிப்பறைக்குப் போகிற நடையில், தண்ணீர் கேனுக்கு மேலே அதைப் பார்த்தேன்.

உன் படம்தான். நீ போடுகிற கோடு எனக்குத் தெரியாதா? ஜன்னல் கம்பிமேல் தலை சாய்த்துத் தூங்கும் ஒருத்தி. மடியில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவும் ஒருத்தி. பல்லில் நாரைக் கடித்துக்கொண்டு பூக் கட்டும் ஒருத்தி. இன்னொருத்தி எதையோ சொல்ல, பக்கத்தில் இருப்பவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தலைமைச் செயலகம் பக்கத்து ஆபீசுக்கு இருபத்தெட்டு வருஷம் தினமும் போய் வந்தாயே, அந்த லேடீஸ் பெட்டி. அப்படியே இருந்தது.

அப்புறம்தான் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்.

'கிராமத்துப் பெண்கள். ஓவியர்: தெரியவில்லை.'

அக்கா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கீரை உருவினால் கிராமமா? பூக் கட்டினால் கிராமமா? அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, டப்பா கட்டி, ஓடி வந்து வண்டி பிடித்து, ஃபைல் பார்த்து, திட்டு வாங்கி, திரும்பி வருகிறபோது ராத்திரி குழம்புக்குக் கீரை உருவுகிறவள். அவர்களை யாரோ ஒரு மரத்தடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான்.

பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். நாற்பது வயது இருக்கும், ரொம்ப மரியாதையான மனிதர். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ரெஜிஸ்டர்ல பேர் இல்லைங்க மேடம். எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல வந்தது."

"நான் சொல்றேனே சார். எங்க அக்கா வரைஞ்சது. இது தாம்பரம் வண்டி."

"தாம்பரமா?" என்று யோசித்தார். "தாம்பரம் இப்ப செங்கல்பட்டு மாவட்டம் ஆயிடுச்சே மேடம். இது காஞ்சிபுரம் மாவட்ட ஓவியர்களுக்கான கூடம். அந்தக் கணக்குல பார்த்தா இதை மாட்டியிருக்கறதே தப்புங்க."

மாவட்டத்தைப் பிரித்தவர்கள் உன்னையும் பிரித்துவிட்டார்கள். நீ படத்தைக் கொடுத்தபோது தாம்பரம் காஞ்சிபுரத்தோடுதான் இருந்தது என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். "ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க, கமிட்டில வெக்கலாம்."

அடுத்த வாரம் ரசீதோடு போனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேடீஸ் பெட்டின்னு இருக்கு. இந்தப் படத்துல பெட்டி எங்கேங்க இருக்கு? இது ஏதோ வீட்டு ஜன்னல் மாதிரி இல்ல?" என்றார். கண்ணாடிச் சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி அகலமாக ஒரு வெள்ளை அட்டை வைத்திருக்கிறார்கள். அது மேலேயும் கீழேயும் படத்தை மறைத்துக்கொண்டிருந்தது. உன் கையெழுத்து அதற்கடியில்தான் இருக்க வேண்டும். கழற்றிப் பாருங்கள் என்றால் அதற்கும் அனுமதி வேண்டுமாம். வாரிசு யாரோ அவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தங்கை வாரிசில்லையாம். கணவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீயும்தான் அக்கா! யாராவது அவ்வளவு அடியில் கையெழுத்துப் போடுவார்களா? கொஞ்சம் மேலே போட்டால் யார் உன்னைக் கேட்டிருக்கப் போகிறார்கள்?

கீழ்க்கட்டளைக்குப் போனேன். அத்தான் டிவியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவளே இல்ல. பேரை ஒட்டி என்னம்மா பண்ணப் போறோம்?" என்றார்.

"எல்லாத்தையும் பேப்பர்காரன்ட்ட போட்டீங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் அத்தான். இதுலயும் அவ பேர் வேணாமா?" இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். காப்பி போட்டுக் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அத்தானிடமிருந்து போன். "காஞ்சிபுரம் வண்டி எத்தனை மணிக்கு?"

ஓவியக்கூடத்துக்குள் போனதும் அவரை நேராக அந்த நடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். பொறுப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். கற்பகமும் எழுந்து வந்துவிட்டார்.

அத்தான் விரலை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். "கீரை உருவறது கருவூலத்துல இருந்த மல்லிகா. தூங்கறது சாந்தா, பெருங்களத்தூர், வண்டி தாம்பரத்தோட நின்னுடும்னு ஸ்டெல்லாதான் எழுப்பி விடுவா. பூக் கட்டறது நூர்ஜஹான். கட்டிட்டு எல்லாருக்கும் ஒரு முழம் குடுத்துட்டுப் போயிடும். அது வெச்சுக்காது. சிரிக்கறது வசந்தி, அது வீட்டுக்காரர் பஸ்ல அடிபட்டப்போ இவங்க எல்லாரும் சேர்ந்துதான்..."

உனக்குத் தெரியுமா அக்கா, அவருக்கு இத்தனை பேரையும் தெரியும் என்று? தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரை ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்திவிட்டு பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். இறங்கி வருகிற ஒவ்வொருத்தியும் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அவரைக் கேட்டதில்லை.

பொறுப்பாளர் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். கமிட்டியைக் கேட்கவில்லை. அட்டையை எடுத்ததும் மேலே கைப்பிடி வளையங்கள் வரிசையாகத் தொங்கின. கீழே செருப்புக் கால்கள், சாப்பாட்டுப் பைகள், சிந்திய கீரைக் காம்புகள். ஒரு மூலையில், எறும்பு போல, 'ஸ்டெல்லா'.

"அடடா, ரயிலேதான்" என்றார் பொறுப்பாளர். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

கற்பகம் என்னைக் கேட்டார். "அக்கான்னு சொல்றியே, இதுல நீ எங்கம்மா கீற?"

நான் எங்கேயும் இல்லை. நான் அந்த வண்டியில் உன்னோடு ஏறியதே இல்லை. சிலேட், போஸ்டர், காலண்டர் பின்பக்கம் என்று எதையாவது வரைந்துகொண்டே இருந்தாய், என்னை எப்போதாவது வரைந்தாயா? வரைந்து, அது பரணில் இருந்து, போய்விட்டதா? அத்தானைக் கேட்டேன். "இருந்திருக்கும்மா. நான் ஒண்ணையும் பிரிச்சுப் பார்க்கலை. பார்க்க முடியலை" என்றார். அவர்மேல் இருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சம் கொஞ்சம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

அத்தான் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பாய்? ஒரு மாதம் கழித்து, புதுச் சீட்டு ஒட்டியாயிற்று என்று போன் வந்தது. இரண்டு பேரும் ஆசையாகப் போனோம். அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

'ரயிலில் பெண்கள். ஓவியர்: திருமதி ஜெயசீலன்.'

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரை எடுத்து, முன்னால் ஒரு திருமதியைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பொறுப்பாளர் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, நீ கேட்டிருக்கிறாயா?

"ஜெயசீலன் நான் சார்! நான் ஒரு கோடு கூட போட்டதில்ல. ஸ்கூட்டர்தான் ஓட்டினேன். வரைஞ்சவ பேர் ஸ்டெல்லா. அதைத்தானே சார் அவளே எழுதி வெச்சிருக்கா?"

அச்சடித்து வர இன்னும் நாளாகும், கமிட்டி கூட வேண்டும் என்று பொறுப்பாளர் இழுத்தார். கற்பகம் உள்ளே போய் ஒரு வெள்ளை அட்டையைக் கத்தரித்து எடுத்து வந்தார். "நீயே எழுதும்மா, நான் ஒட்டிக்கிறேன். யார் வந்து கேக்கறாங்கன்னு பார்த்துடலாம்" என்றார். நான் எழுதினேன். 'லேடீஸ் பெட்டி. ஸ்டெல்லா, தாம்பரம்.' 'ஸ்' கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அச்சுச் சீட்டு இன்னும் வரவில்லை. படம் இன்னும் கழிப்பறை நடையில்தான் தொங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கழுவிவிட்டு அதன்மேல் உதறுகிறார்கள். மாவட்டம் வேறு என்ற பேச்சை மறுபடி எடுக்கிறார்கள். மனு எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நாலாவது மனுவை அத்தானே எழுதிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் அனுப்புங்கள் என்று நான் நச்சரிக்கிறேன்.

பெரிய அறையில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு ஆணி சும்மா இருக்கிறது அக்கா. நான் பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சம் படுகிற சுவர். அந்த ஆணியில் உன் பெட்டியை மாட்டுகிற வரைக்கும் நான் விடப்போவதில்லை. மல்லிகாவையும் சாந்தாவையும் நூர்ஜஹானையும் வசந்தியையும் தேடிப் பிடித்துக் கூட்டிப் போவேன். அன்றைக்கு அட்மிஷன் நேரமாக இருந்தாலும் லீவு போடுவேன்.

தாமதமாக வந்துகொண்டிருக்கும் உன் தங்கை,
பியூலா
இரும்புலியூர்