அமுக்கிவிடுகிறவள் கிளம்பிவிட்டாள்

மறுபடி படுத்துத் தூங்குகிற கணவருக்கு,

உங்கள் மனைவி பிசியோதெரபி கல்லூரி நேர்காணலுக்குக் கிளம்பிவிட்டாள். நேற்று உங்கள் தங்கச்சி வீட்டில் எல்லார் முன்னாலும், "கை கால் அமுக்கிவிடறதுக்கு ஒரு படிப்பாம்!" என்று சிரித்தீர்களே, அந்தப் படிப்புக்குத்தான். உங்கள் மனைவியும் சேர்ந்து இளித்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி ஆணியில் இல்லை, மேசைமேல் வைத்திருக்கிறாள். காலையில் கழுத்துப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினீர்கள். அந்தக் கழுத்தோடு அண்ணாந்து ஆணியைத் தேட வேண்டாம்.

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போடுங்கள். பிறகு வலிக்காத அளவுக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுளுக்கெடுக்கிறேன் என்று எதிர்வீட்டுக்காரர் வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

பி.கு.: தங்கச்சி போன் பண்ணினா, நான் எங்க போயிருக்கேன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. பிசியோதெரபின்னு முழுசா சொல்லணும்.

இன்னொண்ணு. காலையில "கொஞ்சம் அமுக்கிவிடேன்"னு கேட்டீங்க. மாட்டேன்னு சொன்னது கோபத்துல இல்ல. இப்படிப் பிடிச்ச கழுத்தை அமுக்கவே கூடாது. அதுக்குத்தான் படிப்பு.